கூடுதல் நேரத்துக்கான காரணம்

ஜூன் 4, செவ்வாய்

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. 7.40க்கு போனில் சிலிண்டர் பதிவு செய்தேன். பதிவு எண்ணின் கடைசி நாலு இலக்கம் 3816. போன தடவை ‘பதியவே இல்லை’ என்று ஏஜென்சிக்காரன் என் முகத்தைப் பார்த்தே சாதித்தான். இந்தத் தடவை விடமாட்டேன். ஆயில் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இதற்காவது உதவட்டும்.

சர்வீஸ் சென்டரில் இன்று பதினேழு கார்கள். வாரண்டி மேஜையில், அதாவது என் தலையில், ஆறு கிளைம். அதில் ஒன்று தூத்துக்குடிக் கல்லூரிப் பேராசிரியை அம்மாளின் வெள்ளைக் கார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், நடுரோட்டில் நின்றுவிடும், பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. சிகாமணியிடம் கொடுத்திருக்கிறார்கள். பேய் பிடித்த வண்டியெல்லாம் அவருக்குத்தான் போகும். ஒயரிங் வேலைக்கு இந்த ஒர்க்‌ஷாப்பில் அவரைவிட்டால் வேறு ஆள் கிடையாது.

இந்தக் கோளாறுக்குக் கார் கம்பெனியின் புத்தகத்தில் ஒன்றரை மணி நேரம் போட்டிருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு, வாரண்டி வண்டிக்குக் கம்பெனி அந்த நேரத்துக்கு மட்டும்தான் கூலி தரும். அந்தப் புத்தகத்தை எழுதியவன் பாளையங்கோட்டை வெயிலில் காருக்கு அடியில் படுத்தவன் இல்லை.

மதியம் தேங்காய்ப்பால் சொதி. நான் ஆசையாகக் கேட்டேன் என்று வீட்டுக்காரி செண்பகம் விடியலிலேயே எழுந்து வைத்திருந்தாள். அதை இறக்கும்போதுதான் கேஸ் போனது. இஞ்சித் துவையலும் இருந்தது. இரண்டாவது வாய் வைக்கிறேன், சிகாமணி ஆபீஸ் அறை வாசலில் நிற்கிறார்.

“அண்ணாச்சி, புஸ்தக நேரம் தாண்டிட்டு. கோளாறு எங்கன்னே இன்னும் பிடிபடல. கூடுதல் நேரம் கேட்டு ஒரு வரி எழுதிப் போட்ருங்களேன்.”

“மொதல்ல கண்டுபிடியும்வே. பெறவு எல்லாத்தையும் ஒண்ணா எழுதிக்கிடலாம்” என்றேன். போய்விட்டார். அவருக்கு என்ன, சொதி ஆறிப்போனது எனக்குத்தானே.

ஜூன் 5, புதன்

மேனேஜர் கோமதிநாயகம் சார் காலையிலேயே கிண்டல். “அண்ணாச்சி எழுதுத கதையக் கம்பெனிக்காரன் நம்ப மாட்டேங்காம்லா” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். போன மாதம் நான் கூடுதல் நேரம் கேட்டு அனுப்பிய இரண்டு விண்ணப்பமும் திரும்பி வந்துவிட்டன. சென்னையிலிருக்கும் கம்பெனியின் ஏரியா ஆபீசர் ரகோத்தமன், ‘உங்கள் மையத்திலிருந்து இத்தகைய கோரிக்கைகள் மிக அதிகம்’ என்று பின்குறிப்பு வேறு எழுதியிருந்தார். பதினாறு வருஷமாக இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். எதை எப்போது அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

சிகாமணி அந்த அம்மாளையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, பைபாஸில் நாலு தடவை போய்வந்தார். நாலாவது தடவை நின்றதாம். சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

சிலிண்டர் வரவில்லை.

ஜூன் 6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டார்!

இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒயர்க்கட்டு ஒரு தகட்டில் உரசியிருக்கிறது. மேல்தோல் தேய்ந்து, கொசு கடித்த அளவுக்குச் செம்பு தெரிந்தது. வண்டி சூடேறி, மேடுபள்ளத்தில் குலுங்கினால் மட்டும் தகட்டில் படும். உடனே எல்லாம் அணைந்துவிடும். “அண்ணாச்சி, வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். டார்ச் அடித்துக் காட்டினார். போட்டோ எடுத்தேன். நான் கண்டுபிடித்த மாதிரி எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்று நாளில் மொத்தம் பதினொரு மணி நேரம். எந்த மணிக்கு எந்த ஒயரைச் சோதித்தார் என்று வண்டியின் வேலைச் சீட்டான ஜாப் கார்டின் பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். மத்தியானம் எல்லாவற்றையும் மாட்டி, பானெட்டை மூடி வண்டியைக் கொடுத்தாயிற்று. அந்த அம்மாள் சிகாமணியின் கிரீஸ் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

சாயந்தரம் உட்கார்ந்து கிளைம் எழுதினேன். புத்தக நேரம் ஒன்றரை, கூடுதல் ஒன்பதரை. கூடுதல் நேரம் வேண்டுமென்றால் வண்டி திறந்துகிடக்கும்போதே அனுமதி கேட்டு அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி உண்டு. மூடியபிறகு கேட்டால் செல்லாது. எல்லா விதியையும் பார்த்தால் வேலை நடக்குமா? போட்டோ இருக்கிறது, எழுத்து இருக்கிறது. பார்த்தால் புரியாதா அவர்களுக்கு.

ஜூன் 8, சனி

சிலிண்டர் வந்தது. செண்பகத்துக்கு இப்போதுதான் முகம் தெளிந்தது.

ஜூன் 13, வியாழன்

கிளைம் திரும்பிவிட்டது. ‘கூடுதல் நேரத்துக்கு முன் அனுமதி கோரப்படவில்லை. புத்தக நேரம் மட்டும் ஏற்கப்படுகிறது.’ கீழே ரகோத்தமன் பெயர். இரண்டே வரியில் ஒரு மனிதனின் மூன்று நாளை ஒன்றரை மணி நேரமாக்கிவிட்டார்.

பத்தாம் தேதியோடு மாதக் கணக்கு முடிந்து, பலகையில் பட்டியலை மாற்றி ஒட்டினார்கள். யார் எத்தனை மணி உழைத்தார், அதில் கம்பெனி எத்தனை மணியை ஒத்துக்கொண்டது என்று கணக்கிட்டு ஆளுக்கு ஒரு சதவீதம். சிகாமணி கடைசி. போன மாதமும் அவர்தான் கடைசி. கஷ்டமான வண்டியை எல்லாம் அவர் தலையில் கட்டினால் அவர்தான் மெதுவாகத் தெரிவார். இது அந்தப் பலகைக்குத் தெரியாது.

ஜூன் 14, வெள்ளி

மேனேஜர் அறையில் கூட்டம். அவர், சிகாமணி, நான்.

“ஒன்பதரை மணி நேரம் போச்சு. நேரம் தாண்டும்போது ஏன்வே சொல்லல?” என்று சிகாமணியைக் கேட்டார்.

“மொத நாளே அண்ணாச்சிட்ட சொன்னேன் சார்” என்றார் சிகாமணி.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “சொன்னாரா?”

“எனக்கு ஞாபகம் இல்ல சார்” என்றேன்.

சிகாமணி என்னைப் பார்த்தார். ‘நன்றாக யோசித்துப் பாருங்கள்’ என்றாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உண்மைதானே. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் பத்து விஷயம் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா?

ஜூன் 17, திங்கள்

தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் சிகாமணி. “என்னவே, சாப்பிட்டாச்சா?” என்றேன்.

“ஆச்சு சார்” என்றார்.

பதினோரு வருஷமாக அண்ணாச்சி. இன்றைக்கு சார். சுற்றிலும் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வேட்டி இரண்டு சலவைக்குப் போட வேண்டும்.

ஜூன் 19, புதன்

ஆர்டர் வந்துவிட்டது. இரண்டு மாதம் தொடர்ந்து கடைசி என்பதால் ஜூலை 1 முதல் சிகாமணி சங்கரன்கோவில் கிளைக்கு. அங்கே ஆயில் மாற்றுவதும் ஏர் ஃபில்டர் தட்டுவதும்தான் வேலை. ஒயரிங் கைக்கு அதுவே தண்டனை.

ஆனால் அவர் கவலை அது இல்லை. மகள் பெர்சிஸ், பத்தாம் வகுப்பு. பிறவியிலேயே காது கேட்காது. பாளையங்கோட்டையில் அந்தப் பிள்ளைகளுக்கான பள்ளியில் படிக்கிறாள். காலையில் பைக்கில் கொண்டு விட்டுவிட்டு வருவார், சாயந்தரம் நாலேகாலுக்கு ஓடிப்போய்க் கூட்டி வந்து பதிவேட்டு மேஜைப் பக்கம் உட்கார வைத்துவிட்டு மிச்ச வேலையைப் பார்ப்பார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவர், கைபாஷை அவ்வளவாகப் பழகவில்லை. வீட்டில் அந்தப் பெண்ணோடு சரளமாகப் பேசுவது சிகாமணி ஒருவர்தான். இனி அவளை ஆஸ்டலில்தான் சேர்க்க வேண்டும் என்று பெயின்டர் செல்லப்பா சொன்னான். சங்கரன்கோவில் போய்வர பஸ்ஸிலேயே மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகுமே.

கம்பெனி விதி கல்நெஞ்சு விதி. ரகோத்தமனுக்கு ஒரு பிள்ளை இருந்தால் தெரியும்.

ஜூன் 21, வெள்ளி

காலையில் செண்பகம், “ஏங்க, போன சிலிண்டர் என்னைக்குப் பதிஞ்சோம்? எத்தன நாள் ஓடிருக்குன்னு பாக்கணும்” என்றாள். டைரியைப் புரட்டினேன். ஜூன் 4.

சொன்னேன். அவள் போய்விட்டாள். நான் அந்தப் பக்கத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதே பக்கத்தில், சொதிக்குக் கீழே, சிகாமணி வந்து சொன்னது, என் கையெழுத்தில், நீல மையில் இருக்கிறது.

ஜூன் 22, சனி

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 24, திங்கள்

எனக்கு ஞாபகம் இல்லை என்று பதினாலாம் தேதி சொன்னபோது உண்மையிலேயே ஞாபகம் இல்லையா? இந்த டைரியிடமாவது ஒளிக்காமல் எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். அரை மணி நேரம் ஆகிறது.

இருந்தது. ‘சொன்னாரா’ என்று மேனேஜர் கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்ததே அந்தத் துவையல் வாசனைதான்.

ஜூன் 4ஐக் கிழித்தால் பின்பக்கத்தில் ஜூன் 5 போகும். நூல் தைத்த டைரி, எதிர்ப்பக்கத்தாளும் பிடிவிட்டு ஆடும். இதையெல்லாம் பார்த்துவைத்திருக்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மேனேஜரிடம் போனேன். “சிகாமணி நல்ல வேலைக்காரன் சார். பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கான். கொஞ்சம் பாத்து...” என்று இழுத்தேன்.

“அண்ணாச்சி, எனக்கும் மேல ஆளு இருக்கு. அன்னைக்கு அவரு சொன்னாரா, சொல்லலையா? அத மட்டும் சொல்லும்.”

“சொல்லிருக்கலாம் சார்.”

“சொல்லிருக்கலாம்னு போட ஃபார்ம்ல எடம் கெடையாது” என்று சொல்லிவிட்டு போனை எடுத்துவிட்டார். வெளியே வந்தேன். டீ வாங்கினேன், குடிக்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

நாலரை மணிக்கு பெர்சிஸ் வந்தாள். நான் ஒர்க்‌ஷாப்புக்குள் ஒரு ஜாப் கார்டு வாங்கப் போயிருந்தேன். சிகாமணி ஒரு காரின் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். அவள் அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் நிமிர்ந்தார். ஸ்பேனரைக் கீழே வைத்தார், கையைத் துணியில் துடைத்தார், பிறகு பேசினார். அவளிடம் பேச வேண்டுமென்றால் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். அதனால் அவள் எத்தனை தடவை வந்து தட்டினாலும் வேலையை விட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறார். நான் நின்ற பத்து நிமிடத்துக்குள் மூன்று தடவை ஸ்பேனரை வைத்தார், மூன்று தடவை எடுத்தார்.

மூன்றாவது தடவை அவள் கேட்டதும் துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன கேக்கா?” என்றேன்.

“ஆஸ்டலுக்குப் பாய் நாமதான் கொண்டு போவணுமான்னு கேக்கா, சார்” என்றார்.

ஜாப் கார்டை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். கழிப்பறையில் போய் முகம் கழுவினேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

ஜூன் 26, புதன்

ரகோத்தமன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளைம் கோப்புகளைப் பார்க்க வருவார். இன்று வந்தார். பதினொரு மணிக்கு மேனேஜர் அறையில் அவர் முன்னால் டைரியை விரித்து வைத்தேன்.

“இது என்ன?”

“என் டைரி சார். ஜூன் நாலு. கீழேருந்து நாலாவது வரியப் படிங்க.”

படித்தார். மேனேஜரும் எட்டிப் பார்த்தார். அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

“இதை நீங்க நேத்துகூட எழுதியிருக்கலாமே சார்” என்றார் ரகோத்தமன். கோபமில்லாமல்தான் கேட்டார். அவர் வேலை அது. என்னிடம் யாராவது இப்படி ஒரு தாளை நீட்டினால் நானும் அதைத்தான் கேட்பேன்.

மேல் வரியைக் காட்டினேன். சிலிண்டர், 7.40, 3816. என் போனில் கேஸ் கம்பெனி அனுப்பிய குறுஞ்செய்தியை எடுத்துக் கொடுத்தேன். அதே நாள், அதே எண். பிறகு அவரே ஜூன் 5, 6, 8 என்று புரட்டினார். தன்னைப் பற்றி நான் எழுதியிருந்ததும் அவர் கண்ணில் பட்டிருக்கும். ஜூன் 24க்கு வந்ததும் நிறுத்தி, முழுசாகப் படித்தார். எனக்கு உட்கார நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே இருந்தேன்.

“கிளைமைத் திரும்பத் திறக்க முடியாது. எங்களைப் பொறுத்தவரைக்கும் நீங்க கேக்கவே இல்ல” என்றார். “ஆனா டெக்னீஷியன் வண்டி திறந்திருக்கறப்பவே சொல்லிட்டார்னு நான் எழுதித் தரேன். தப்பு வாரண்டி மேஜையிலதான்னும் எழுதுவேன். சம்மதமா?”

“சம்மதம் சார்.”

வெளியே வந்ததும் பசித்தது. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாகப் பசி.

ஜூன் 28, வெள்ளி

சிகாமணியின் மாற்றல் ரத்து. அந்த ஒன்பதரை மணி நேரம் அவர் கணக்கில் சேராது. பலகையில் அவர் பெயர் மூன்றாவது இடத்துக்கு ஏறிவிட்டது.

சங்கரன்கோவிலுக்கு ஒரு ஆள் போயாக வேண்டும். நான் போகிறேன். அங்கே வாரண்டி மேஜை கிடையாது, உதிரிபாக அறையில் ரசீது எழுத வேண்டும். மேனேஜர் இதைச் சொல்லும்போது கிண்டல் செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். செண்பகம், “அப்ப அஞ்சு மணிக்கே சோறு வைக்கணுமோ?” என்றாள். பிறகு, “அந்தப் பிள்ள ஆஸ்டலுக்குப் போவல்லல்லா?” என்றாள். இல்லை என்றேன்.

சிகாமணி மத்தியானம் என் மேஜைக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்துவிட்டேன். பதினாறு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அப்படித்தான் புத்தி போகும்.

“டைரில எழுதிருக்கீங்க, சார். அன்னைக்கே எழுதிருக்கீங்க. அதே வரிய கம்ப்யூட்டர்ல எழுதிருந்தா பத்து நிமிசம். எம்பிள்ள ஒம்போது நாளா பொட்டி அடுக்கிட்டுக் கெடந்தா.”

அவர் குரலை உயர்த்தவில்லை. மேஜை மேலிருந்த டைரியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

டைரியை ஆதாரமாகக் கோப்பில் சேர்க்க வேண்டுமாம். ஐந்து மணிக்குக் கொடுக்க வேண்டும். இதுதான் இதில் கடைசிப் பக்கம்.

ஜூன் 29, சனி

டைரி போய்விட்டது. எழுதிப் பழகின கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பழைய ஜாப் கார்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். டெக்னீஷியன்கள் எழுத வேண்டிய இடம் இது. கட்டங்கள் அச்சடித்திருக்கிறார்கள். பதினாறு வருஷமாக மற்றவர்கள் இதில் எழுதுவதைத் திருத்தியிருக்கிறேன், ஒரு தடவையும் நான் நிரப்பியதில்லை.

குறை: கூட வேலை செய்கிறவர் சொன்னதை, ஞாபகம் இல்லை என்று சொன்னேன்.

காரணம்: சொதி என்று எழுதி அடித்துவிட்டேன். மேனேஜர் கிண்டல் என்று எழுதி அதையும் அடித்துவிட்டேன். மூன்றாவது விண்ணப்பமும் திரும்பி வந்தால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று பயம். பிறகு, செய்தது தெரிந்துவிடும் என்று பயம்.

செய்த வேலை: டைரியைக் கொடுத்தேன்.

புத்தக நேரம்: பத்து நிமிடம்.

பிடித்த நேரம்: இருபத்திரண்டு நாள்.

கூடுதல் நேரம் கேட்பவர்: சு. ஆவுடையப்பன்.

அனுமதி தருபவர் என்று ஒரு கட்டம் மிச்சம் இருக்கிறது. அதில் ரகோத்தமன் கையெழுத்துப் போட முடியாது. மேனேஜரும் முடியாது. போட வேண்டியவர் ஒர்க்‌ஷாப்புக்குள் ஒரு காருக்கு அடியில் படுத்திருக்கிறார். இங்கிருந்து அவர் கால் தெரிகிறது. பெர்சிஸ் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள்.

போடமாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அதுவும் நியாயம்தான்.

ஐந்தேகாலுக்கு வீட்டுக்குப் போகும் ஊழியர் வேன், திங்கட்கிழமையிலிருந்து எனக்குச் சங்கரன்கோவில். மணி நாலே முக்கால். அந்தக் காரின் பானெட் இன்னும் திறந்துதான் இருக்கிறது. மூடுவதற்குள் இதைக் கொண்டுபோகிறேன்.